எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்

அந்த மாவட்டத்தில் மண்ணை நம்பி விளைந்தது கிழங்கு. மண்ணை நம்பாமல் விளைந்தவர்கள் அரசியல்வாதிகள். கிழங்காவது ஏதோ ஒரு வருஷம் கை விரித்துவிடும். இவர்கள் விளைச்சல் பொய்த்ததே கிடையாது. எந்தக் குக்கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு முன்னாள் அமைச்சர், ஓரிரு முன்னாள் உறுப்பினர்கள், அமைச்சராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்த ஒருவர் என்று கிடப்பார்கள். மாட்டுத் தரகருக்கும் தையல்காரருக்கும் நடுவில், தலைமாட்டில் புல் முளைத்து, யாரும் சீந்தாமல் கிடப்பார்கள்.

மாவட்ட மன்றத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை. மக்களோடு மக்களாக வாழ்ந்தவர் என்று மேடையில் சொல்வது வேறு, அதற்காக உண்மையிலேயே அப்படிக் கிடப்பது வேறு என்று அவர் கருதினார். ஊர் ஊராகத் தேடி, எல்லாரையும் தோண்டி எடுத்து, லாரிகளில் ஏற்றி, வாத்தியம் முழங்க நகரத்துக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சிலருக்குக் கடைசித் தேர்தலில் கூடியதைவிட அன்றைக்குக் கூட்டம் அதிகம். ஆளுங்கட்சிக்காரர்கள் வலப்பக்கம், எதிர்க்கட்சிக்காரர்கள் இடப்பக்கம், நடுவில் நடைபாதை. கட்சி மாறியே காலத்தை ஓட்டிய ஒருவரை எந்தப் பக்கம் வைப்பதென்று பேசிப் பேசிச் சலித்து, நடைபாதையிலேயே வைத்துவிட்டார்கள்.

சுற்றிலும் இரும்பு வேலி போட்டு, மறைந்த மக்கள் பிரதிநிதிகள் பேரவை என்று பலகை மாட்டினார்கள். வேலிக்குள் படுத்திருப்பவர் எவரும் அவையின் மாண்புமிகு உறுப்பினர் என்று விதி எழுதினார்கள். தலைவர் ரிப்பன் வெட்டினார்.

எல்லாம் சரியாக நடந்தது, வேலியைத் தவிர. வரைபடத்தில் வேலி ஓரிடத்தில் வளைந்து, ஒரு மரத்தையும் அதன் நிழலில் கிடந்த ஒரு சாதாரணக் கல்லறையையும் வெளியே விட்டுவிட்டுப் போயிருந்தது. வளைத்தால் கம்பி அதிகம் செலவாகும். ஒப்பந்தக்காரர் நேர்கோட்டில் நம்பிக்கை உள்ளவர். நேராகப் போட்டுவிட்டுப் போனார். ஆக, கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்து வாழ்ந்து, ஒரு தேர்தலிலும் நிற்காமல் செத்துப்போன மனிதர் ஒருவர் ஒரே நாளில் மாண்புமிகு ஆனார்.

அவர் மனைவிக்கு இது தெரியாது. அவள் அதே கடைத்தெருவில் பொத்தான் கடை வைத்திருந்தாள். சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், தைக்கும் நூல், ஊசி. பொத்தான்காரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கல்லறைக்கு வந்து, புல்லைப் பிடுங்கி, அந்த வாரத்து வம்பையெல்லாம் புருஷனிடம் கொட்டிவிட்டுப் போவது அவள் வழக்கம். அந்த ஞாயிறு வந்தபோது வேலி இருந்தது. வேலியில் ஒரு வாசல், வாசலில் ஒரு காவலாளி.

"எங்கம்மா போறீங்க?"

"எங்க வீட்டுக்காரரைப் பாக்க."

"அனுமதி வாங்கியாச்சா?"

"யாருகிட்ட, அவருகிட்டயா?"

"செயலர்கிட்ட."

"ஏம்பா, அதோ மரத்தடியில படுத்திருக்காரே பூட்டுக்காரர், அவரு என் புருஷன்."

"புருஷனா இருந்தாரும்மா, யாரு இல்லேன்னா? இப்ப மாண்புமிகு. மாண்புமிகுவைப் புதன்கிழமை காலையிலதான் பாக்கலாம். அதுவும் அவருக்கு வேற வேலை இல்லேன்னா."

"நான் வந்தா அவரு வேணாம்னா சொல்லப்போறாரு?"

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாரு. அதனாலதான் நான் சொல்றேன்."

அவள் வேலிக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தாள். புல் முளைத்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒதுக்கிய இடத்திலும் முளைத்திருந்தது. புருஷன் போன அன்றைக்கு, அழுத கண்ணோடு, கல்லறை அலுவலகத்துக்காரரோடு மத்தியானம் வரை பேரம் பேசி இரண்டு இடத்தையும் சேர்த்தே முடித்தவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இடப்பக்கமாகவே படுத்துப் பழகிவிட்டாள். கடைசியிலும் அப்படியே இருந்துவிட்டுப் போகலாம் என்பதைத் தவிர அவளுக்கு மேலுலகத்தைப் பற்றி வேறு திட்டம் ஒன்றுமில்லை.

மறுநாளே செயலரைப் பார்க்கப் போனாள். அவர் மேசை மேல் தூசு இல்லை, காகிதம் இல்லை, ஒரு மணி மட்டும் இருந்தது. அவள் கேட்டது எளிய விஷயம்: எங்க ஆளை விட்டுடுங்க.

"பெரிய மனுஷன்மா உங்க வீட்டுக்காரர்," என்றார் செயலர். "ஒரு கூட்டத்துக்கு வராம இருந்ததில்ல. படி கேக்கல, கார் கேக்கல, மச்சானுக்கு வேலை கேக்கல. நான் பாதி ஆயுசை உயிரோட இருக்கறவங்க அவையில கழிச்சவன். நாற்காலி பறக்கும், மைக்கு பறக்கும், திடீர்னு எல்லாரும் எழுந்து வெளிய போயிடுவாங்க. இங்க பாருங்க. வந்தவங்க வந்தபடி இருக்காங்க. இதைவிட நல்ல பிரதிநிதிகள் ஜனங்களுக்கு எங்க கிடைப்பாங்க?"

"செத்தவங்க எப்படிங்க ஓட்டுப் போடுவாங்க?"

"இந்த மாவட்டத்துல அது புதுசா?" என்றார் செயலர், உண்மையிலேயே புரியாமல். பிறகு பொறுமையாக விளக்கினார். மசோதாவைப் படிப்பார்கள். எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்று தலைவர் சொல்வார். சற்று நேரம் காத்திருப்பார்கள். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஒருமனதாக நிறைவேறிவிடும். "ஒருமனதா இல்லாட்டி எதுவுமே நிறைவேறாதுன்னு விதியிலயே எழுதி வச்சிருக்கோம். அப்படி எழுதற தைரியம் வேற எந்த அவைக்கும்மா இருக்கு?"

"சரிங்க, ராஜினாமா பண்ணிடறோம்."

"தாராளமா. உறுப்பினர் தன் கைப்பட எழுதி, நேர்ல வந்து குடுக்கணும்."

"அவரு நேர்ல வர்ற மாதிரி இருந்தா நான் எதுக்குங்க உங்ககிட்ட வர்றேன்?"

செயலர் இதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். விதியில் இதற்குப் பதில் இல்லை என்று கண்டதும் மணியை அடித்தார். வெளியே போகும் நேரம் என்று அதற்கு அர்த்தம்.

"வேலிதான் தப்பாப் போட்டிருக்குன்னு ஊருக்கே தெரியுமே," என்றாள் கதவருகில் நின்று.

"தலைவர் திறந்து வச்ச வேலிம்மா. அது தப்பா இருக்க முடியாது. வேணும்னா உங்க வீட்டுக்காரரைத் தப்பான இடத்துல புதைச்சிருப்பீங்க."

உயிருள்ள மாவட்ட மன்றத்துக்கு இந்த அவையின் அருமை சீக்கிரமே விளங்கிவிட்டது. எந்த மசோதாவைக் கொண்டுவந்தால் கூச்சல் எழுகிறதோ, அதையெல்லாம் கிழக்கு மூலைக்கு அனுப்பிவிட்டார்கள். தலைவருக்குப் புதுக் கார், தலைவரின் பழைய காருக்குப் புது டிரைவர், பொதுக்குழாய்க்குப் பூட்டு, தலைவரின் தம்பி மனைவிக்கு ஒரு வாரியம். எல்லாம் ஒருமனதாக, எதிர்க்கட்சியின் முழு ஆதரவோடு நிறைவேறின. பிறகு கடைத்தெரு வாடகையை இரட்டிப்பாக்கினார்கள். அன்றைக்குத்தான் பொத்தான்காரம்மாவுக்குத் தன் புருஷனின் அதிகாரம் எவ்வளவு என்று தெரிந்தது.

"என்னக்கா அண்ணன் இப்படிப் பண்ணிட்டாரு?" என்றான் பக்கத்துக் கடை செருப்புக்காரன். கோபத்தைவிட மனவருத்தம்தான் அவன் முகத்தில் அதிகம். "உயிரோட இருந்தப்ப வாடகைன்னு வந்தா முதல் ஆளா நின்னு கத்துவாரு. பதவி வந்ததும் வாயே திறக்கலையே."

"அவரு செத்துட்டாருடா."

"அதுக்காக மனுஷன் மாறிடலாமா?"

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் பொத்தான் வாங்குவதை நிறுத்திவிட்டு மனு கொடுக்க ஆரம்பித்தார்கள். அண்ணன் காதில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள் என்றார்கள். அவள் மாப்பிள்ளை மன்றத்தில் குமாஸ்தா. இதுவரை மாமனார் படத்துக்குத் தூசு தட்டாதவர், ஸ்கூட்டர் முன்னால் 'மாண்புமிகு உறுப்பினரின் மருமகன்' என்று சிவப்பு எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து நின்றார்.

"அத்தை, நீங்க ஆத்திரப்படக் கூடாது. மாமா இப்ப நல்ல நிலைமையில இருக்காரு."

"மண்ணுக்கடியில இருக்காரு மாப்பிள்ளை."

"இருக்கட்டுமே. அவரு பேரைச் சொன்னதும் மேலதிகாரி எனக்கு நாற்காலி போடறாரு. அவரு இருந்தப்ப நம்ம வீட்டுலயே எனக்கு நாற்காலி போட்டதில்ல."

"எழுந்திருக்கறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துப்பீங்க, அதான் போடல," என்றாள் மாமியார்.

இதையெல்லாம்கூட அவள் சகித்துக்கொண்டிருப்பாள். ஒரு மாலை, தலைவரே கடைக்கு வந்தார். பின்னால் ஆட்கள் வந்தார்கள். கடை சின்னது என்பதால் ஆட்கள் தெருவில் நின்று தலையாட்டினார்கள்.

"உங்க வீட்டுக்காரர் பக்கத்துல ஒரு இடம் சும்மா கிடக்குதே," என்றார் தலைவர்.

"சும்மா கிடக்கலீங்க. அது என் இடம். அப்பவே பேசி முடிச்சது."

"இருந்திருக்கும். இப்ப வேலிக்குள்ள வந்துடுச்சே. உள்ள இருக்கறதெல்லாம் அவைக்குச் சொந்தம். அங்க மட்டும்தான் நிழல் இருக்கு. சேவை செஞ்சு செஞ்சு களைச்சுப் போனவன்மா நான். என்னை வெயில்ல படுக்கச் சொல்றீங்களா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு என்னங்க இப்ப அவசரம்? உடம்பு கிண்ணுன்னு இருக்கே."

"இருக்கறப்பவே பிடிச்சு வச்சுக்கணும். நான் போனதுக்கப்புறம் எனக்காக யார் வந்து அடிச்சுக்கப் போறாங்க?"

அது அவளுக்கும் நியாயமாகவே பட்டது.

"வியாழக்கிழமை அவையில முதல் மசோதாவே இதுதான். உங்களுக்கு வடக்கு வாசல் பக்கம் பொது இடத்துல ஏற்பாடு பண்ணித் தரச் சொல்றேன். அங்கேர்ந்து பாத்தா வேலி பளிச்சுன்னு தெரியும். நான் யாரையும் கட்டாயப்படுத்தறவன் இல்ல. உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் வேணாம்னு எழுந்து சொல்லட்டும், அந்த நிமிஷமே ஒதுங்கிக்கறேன். நான் ஜனநாயகத்தை உயிராய் நினைக்கறவன்."

தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். போகும்போது தலைவர் கோட்டுக்கு இரண்டு பொத்தான் எடுத்துக்கொண்டு போனார். விலை கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அன்று இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வடக்கு வாசலில் முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்குப் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று தெரியாமல் கிடப்பதை நினைத்து நினைத்துப் புரண்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் சாம்பல் நிறக் கம்பளி ஒன்றைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேரவை வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்குக் கூட்டம்மா," என்றான் காவலாளி. "பார்வையாளர் யாரையும் விடக் கூடாது."

"நான் பார்க்க வரலப்பா. படுக்க வந்திருக்கேன்."

காவலாளி யோசித்தான். பார்க்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். படுக்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். இரண்டும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தன.

"படுக்க வர்றவங்களை நாலு பேர் தூக்கிட்டு வருவாங்களே?"

"நாலு பேருன்னா கூலி கேப்பாங்க. அதான் நானே நடந்து வந்துட்டேன்."

இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கதவைத் திறந்து சல்யூட் அடித்தான்.

கம்பளியில் பாதியை விரித்து, பாதியைத் தலை வரை போர்த்திக்கொண்டு புருஷனுக்கு இடப்பக்கம் படுத்தாள். "கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றாள் பழக்கத்தில். மண் சில்லென்று இருந்தது. ஆனாலும் பல நாளைக்குப் பிறகு உடம்பு இளகியது. கொஞ்சம் கண்ணயர்ந்துகூடப் போனாள்.

செயலர் வந்து ஒவ்வொரு உறுப்பினர் மேலும் நிகழ்ச்சி நிரல் ஒன்றை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்துக்கொண்டே போனார். உறுப்பினர்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு உயிருள்ளவர்களின் அவையிலேயே விட்டுப்போயிருந்தது. பொத்தான்காரம்மாவின் வயிற்றிலும் ஒரு காகிதம் வைத்தார். அவளுக்கு வாய்த்தது கொஞ்சம் பெரிய கல்.

பந்தலடியில் மாவட்ட மன்றத்தார் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே, உங்கள் மௌனத்துக்குத் தலை வணங்குகிறேன். நாம் செய்வதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருக்கிறார்களோ, அவர்களே நம் உண்மையான தோழர்கள். உயிரோடிருக்கும் மக்களும் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நாள் தொலைவில் இல்லை. முதல் மசோதா, நிழலில் உள்ள காலி இடத்தை எனக்கு ஒதுக்குவது. எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

பொத்தான்காரம்மா வயிற்றிலிருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். கம்பளியோடு மெல்ல எழுந்து நின்றாள்.

மாவட்ட மன்றத்தில் அதுவரை எந்த விஷயத்திலும் இவ்வளவு ஒற்றுமை வந்ததில்லை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் எல்லாரும் ஒரே வாசலை நோக்கி ஓடினார்கள். வாத்தியக்காரர்கள் வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கல்வி வாரியத் தலைவர் வேலியில் ஏறிப் பாதியில் மாட்டிக்கொண்டார். தலைவரால் ஓட முடியவில்லை. மைக்கைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று அவர் முனகியது தோட்டம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

செயலர் மட்டும் அசையவில்லை. அவை நடக்கும்போது செயலர் இடம் விட்டு நகரக் கூடாது என்பது விதி. அவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு உறுப்பினர் எழுந்திருக்கிறார். மசோதா தோற்றது."

கம்பளி நழுவி முகம் தெரிந்ததும் தலைவருக்கு உயிர் வந்தது. "யோவ், அது பொத்தான்காரிய்யா. உசிரோட இருக்கா."

"விதியில 'படுத்திருப்பவர்'னுதான் இருக்குதுங்க. 'செத்தவர்'னு எழுதினேன். மரியாதையா இல்லேன்னு நீங்கதான் அடிச்சுப் போட்டீங்க."

"சரி, அவளை வெளிய அனுப்பு."

"உறுப்பினரை அனுப்பணும்னா அவை ஒருமனதா முடிவெடுக்கணும்ங்க."

தலைவர் மூச்சை இழுத்து விட்டார். "இந்த உறுப்பினரை வெளியேற்றத் தீர்மானம். எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்."

அவள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க எந்தக் கட்சிம்மா?" என்று செயலர் பணிவாகக் கேட்டார்.

"பொத்தான் கடை," என்றாள். செயலர் குறித்துக்கொண்டார்.

ஓடிப்போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இருந்ததை முடித்தாக வேண்டுமே. கடை வாடகையை இன்னும் உயர்த்தும் மசோதா வந்தது. அவள் எழுந்தாள். கார் மசோதா வந்தது, எழுந்தாள். நடுவில் கால் வலித்தால் படுத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒன்றைப் படித்தார்கள், அதற்கும் எழுந்தாள். மத்தியானத்துக்குள் வேலிக்கு வெளியே கடைத்தெருவே திரண்டுவிட்டது. "அண்ணன் பேரைக் காப்பாத்திட்டே அக்கா," என்றான் செருப்புக்காரன். நன்றி கூறும் தீர்மானத்தையும் அவள் தோற்கடித்துவிட்டதால் கூட்டத்தை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைவர் மரத்தடிக்கு வந்து குந்தினார். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறவர் தோற்றார் என்பது கடைத்தெருவில் பிறந்த எவருக்கும் தெரியும். "எனக்கென்னங்க வேணும்? இங்க காத்து நல்லா இருக்கு. வாரா வாரம் வந்துடறேன்."

"ஒரு வாரியம் தரேன். கைத்தறி?"

"வேணாங்க."

"கார் தரேன்."

"எங்க மாப்பிள்ளை ஸ்கூட்டர் இருக்கு."

"வாடகையைப் பழையபடி குறைச்சுடறேன்."

"அதை நீங்க எப்படியும் பண்ணித்தான் ஆகணும். ஜனங்க முறைக்கறதைப் பாருங்க."

தலைவர் வேலிப் பக்கம் பார்த்தார். பிறகு பொறுமை இழந்தார். "மரியாதையாப் பேசிட்டு இருக்கேன். இன்னும் பிடிவாதம் பிடிச்சீங்கன்னா வேலியைப் பிரிச்சு வளைச்சுப் போட்டு, உங்களையும் உங்க வீட்டுக்காரரையும் வெளிய தள்ளிடுவேன். அப்புறம் அவரு மாண்புமிகுவும் இல்ல, நீங்க உறுப்பினரும் இல்ல. எவனோ ஒரு பூட்டுக்காரன் பொண்டாட்டி, அவ்வளவுதான்."

பொத்தான்காரம்மா முகம் வாடினாள். வாங்கப் போகும் பொருளைப் பிடிக்காத மாதிரி புரட்டிப் பார்க்கும் முகம் அது. "அப்படியெல்லாம் பண்ணிடாதீங்க ஐயா. எவ்வளவு பெரிய பதவி. அவரு ஆத்மா தாங்காது."

"பண்ணத்தான் போறேன்," என்றார் தலைவர்.

வேலி பொதுப்பணி சமாச்சாரம் என்பதால் அவையைக் கேட்க வேண்டியதில்லை. வழக்கமாக ஒரு குழியை மூட வருஷக் கணக்காகும் இடத்தில், மறுநாள் சாயங்காலத்துக்குள் வேலி வளைந்துவிட்டது. அந்த ஒப்பந்தக்காரரே இரண்டாவது தடவையும் ஒப்பந்தம் வாங்கிப் போட்டார். வளைவைத் திறந்து வைக்கத் தலைவர் வந்தார். மக்களின் பணத்தில் ஒரு கம்பிகூட வீண் போகாது என்று பேசிக்கொண்டிருக்கும்போதுதான், நிழலும் வேலிக்கு வெளியே போய்விட்டதைப் பார்த்தார். கத்தரிக்கோல் கையில் இருந்தது, பேச்சு பாதியில் இருந்தது, புகைப்படக்காரர் தயாராக இருந்தார். வெட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் யாரையும் கேட்காமல் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினாள். மாப்பிள்ளை ஸ்கூட்டரில் 'முன்னாள்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டதையும், அதற்குப் பிறகு மரியாதை இன்னும் கூடியிருப்பதாக அவர் சொல்வதையும் புருஷனிடம் சொன்னாள். "உங்க பதவி போச்சு," என்றாள். "இனிமேலாவது வீட்டு நினைப்போட இருங்க."

யாரோ தயங்கித் தயங்கி வருவது தெரிந்தது. நல்ல உடுப்பு உடுத்திய ஒரு பெண்மணி. வேலி ஓரமாகவே வந்து, வளைவில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதானே அந்தக் கடைக்கார அக்கா?"

"ஆமா. நீங்க?"

"அதோ, மூணாவதா படுத்திருக்காரே அமைச்சர், அவரு சம்சாரம். கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து எனக்கு ஒண்ணும் குறை வச்சதில்ல, ஆனா நான் ஒரு விஷயத்தையும் எதிர்த்துப் பேசினதில்ல அக்கா. அவரு ஒருத்தரைத்தான் நான் பாத்துப் பேசணும்னு வர்றேன், அதுக்கும் புதன்கிழமைங்கறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "'படுத்திருப்பவர்'ங்கறதை 'செத்தவர்'னு மாத்தற மசோதா வியாழக்கிழமை வருதாம். அன்னைக்கு ஒரே ஒரு தடவை நானும் எழுந்து நிக்கணும். எனக்கு முதுகுவலி வேற. நீங்க கீழ என்ன விரிச்சீங்க?"

பொத்தான்காரம்மா கையிலிருந்த புல்லைக் கீழே போட்டுவிட்டு, வேலிப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கம்பளியை ரெண்டா மடிச்சுப் போடுங்க. சீக்கிரமாப் போயிடுங்க, லேட்டா போனா வெயில் ஏறிடும். கதவுல நாலு பேர் எங்கேன்னு கேப்பான், சாப்பிடப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க. அப்புறம் அந்தச் செயலர் வயித்துல கல்லு வைப்பாரு. வலிச்சா முனகி மட்டும் வச்சுடாதீங்க, சின்னக் கல்லாத் தேடி வைக்கற ஆளில்ல அவரு."